நேர்த்தசை நேரானதா? கண்தசை ஆய்வில் படமும் பெயரும்

மொழி பற்றிய உரை வரிசையில் கண்தசைகளுக்கு என்ன இடம் என்று படிப்போர் கேட்கக்கூடும். அக்கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு.

முதலாவது, கருவி பற்றியது. உயிருள்ள மனிதனின் உடலுக்குள் மெல்லிய தசைகள் எவ்வாறு கிடக்கின்றன, எவ்வாறு வளைகின்றன என்பதைக் கத்தியின்றிக் காட்டும் காந்த அதிர்வுப் படமுறை (எம்.ஆர்.ஐ.), மொழியியலாளருக்கும் உதவியிருக்கிறது. நாராயணன், பேர்டு, கான் ஆகிய மூவரும் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், தமிழின் ர, ற, ல, ள, ழ ஆகிய ஒலிகளை எழுப்பும்போது நாக்கு எடுக்கும் வடிவத்தை இப்படமுறையால் அளந்தனர். நாவின் நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருடப் பிறப்பது ழகரம் என்று தொல்காப்பியப் பிறப்பியல் சொன்ன செய்தியை, முப்பரிமாணத்தில் அளந்து பார்க்கும் வாய்ப்பு இருபதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் கிட்டியது. அதே காலப்பகுதியில், அதே வகைக் கருவி கண்குழிக்குள் திருப்பப்பட்டது. அங்கே கண்டது உடற்கூற்று நூல்களின் ஒரு பக்கத்தைத் திருத்தி எழுத வைத்தது.

இரண்டாவது விடை, பெயர் பற்றியது. அப்பக்கத்தில் திருத்தம் பெற்றவற்றுள் ஒன்று, ஒரு சொல்லின் பொருள்.

ஆறா, ஏழா?

நம் ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் திருப்புகின்றன. நான்கு நேர்த்தசைகள், இரண்டு சாய்தசைகள். இந்த எண்ணிக்கை உறுதிப்படுவதற்கே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாயிற்று. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் காலென், பெரும்பாலும் விலங்குகளையே அறுத்துப் பார்த்தவர். மாடு முதலிய விலங்குகளில் பார்வை நரம்பைச் சூழ்ந்து நின்று கண்கோளத்தைப் பின்னே இழுக்கும் தசை ஒன்று உண்டு. மனிதனுக்கு அது இல்லை. காலென் அதையும் மனிதனுக்கு உரியதாகக் கொண்டார். 1543இல் தம் பெருநூலை வெளியிட்டுக் காலெனின் பல முடிவுகளைத் திருத்திய வெசாலியஸும், இந்த ஏழாம் தசையை மட்டும் விட்டுவைத்தார். 1561இல் இத்தாலிய உடற்கூற்றறிஞர் ஃபலோப்பியோ அதை மறுத்தார்.

ஃபலோப்பியோ செய்த மற்றொரு பணி நம் கதைக்கு முக்கியமானது. மேல் சாய்தசையின் பாதையை அவர் தெளிவாக விளக்கினார். அத்தசை கண்குழியின் ஆழத்தில் தொடங்கி முன்னோக்கி வருகிறது. மூக்கை ஒட்டிய மேல்மூலையில் குருத்தெலும்பாலான ஒரு சிறு வளையத்தினுள் நுழைகிறது. அங்கிருந்து திரும்பி, பின்னோக்கிச் சென்று கண்கோளத்தின் மேற்புறத்தில் பொருந்துகிறது. கிணற்றுக் கயிறு கப்பியில் திரும்புவதைப் போன்றது இது. ஆதலால் அவ்வளையம் இலத்தீனில் கப்பி என்னும் பொருளுடைய சொல்லாலேயே வழங்கப்படுகிறது. அத்தசைக்குச் செல்லும் நான்காம் மூளை நரம்புக்கும் அப்பெயரே அடையாயிற்று.

ஆக, கண்ணில் ஒரு கப்பி உண்டு என்பது நானூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தெரிந்த செய்தி. ஒன்றுக்கு மேல் உண்டா என்ற கேள்விதான் வெகுகாலம் எழாமல் இருந்தது.

பாடநூல் காட்டிய படம்

பாடநூல்களில் காணப்படும் படம் எளிமையானது. கண்குழியின் பின்முனையில், பார்வை நரம்பைச் சுற்றித் தசைநாண் வளையம் ஒன்று உள்ளது. 1755இல் கண்ணின் உடற்கூறு பற்றிச் சிறந்த நூலொன்றை எழுதிய ஜெர்மானியர் ட்சின்னின் பெயரால் அது வழங்குகிறது. நான்கு நேர்த்தசைகளும் அதில் தொடங்கி, ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் நீளத்துக்கு முன்னே வந்து, கண்கோளத்தின் வெண்படலத்தில் பொருந்துகின்றன. பொருந்தும் இடங்கள் கருவிழி விளிம்பிலிருந்து ஒரே தொலைவில் இல்லை. உட்புறத் தசை ஏறத்தாழ 5.5 மில்லிமீட்டர், கீழ்த்தசை 6.5, வெளிப்புறத் தசை 6.9, மேல்தசை 7.7 என்று தொலைவு கூடிக்கொண்டே போகிறது. நான்கு புள்ளிகளையும் கோட்டால் இணைத்தால் சுருள் ஒன்று கிடைக்கும். 24 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள கோளத்தில் இவ்வளவு நுட்பமான ஒழுங்கு.

இத்தசைகளுக்கு இலத்தீனில் அமைந்த பெயரின் பொருள் 'நேரானது' என்பதே. தமிழிலும் நேர்த்தசை என்றோம். வரைபடமும் அப்பெயருக்கு இசையவே அமைந்தது: பந்து ஒன்றில் நான்கு வார்கள், ஒவ்வொன்றும் பின்முனையிலிருந்து நேராக வந்து பந்தைத் தழுவிப் பொருந்துகிறது. எந்த வார் சுருங்குகிறதோ அந்தப் பக்கம் பந்து உருளும்.

1806இல் பிரெஞ்சு அறிஞர் டெனோன், கண்கோளத்தைப் போர்த்தியிருக்கும் உறை ஒன்றையும், தசைகளிலிருந்து கண்குழிச் சுவருக்குச் செல்லும் நாண் போன்ற இழைக்கட்டுகளையும் விவரித்தார். உறைக்கு அவர் பெயர் நிலைத்தது. இழைக்கட்டுகளோ பின்வந்த நூல்களில் தசையின் மிகையசைவைத் தடுக்கும் துணையுறுப்புகளாக மட்டுமே இடம்பெற்றன.

கண் ஏன் முறுக்கிக்கொள்வதில்லை?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வேறொரு திசையிலிருந்து ஒரு புதிர் எழுந்தது. பந்து ஒன்று மூன்று வகையாகச் சுழலலாம்: பக்கவாட்டில், மேல்கீழாக, தன் பார்வை அச்சைச் சுற்றி முறுக்காக. தலை நிமிர்ந்து அசையாதிருந்து தொலைவில் நோக்கும்போது, ஒவ்வொரு திசையிலும் கண்ணின் முறுக்கு ஒரே அளவில் நிற்கிறது. எந்த வழியாக அத்திசைக்கு வந்தோம் என்பது பொருட்டில்லை. இதை நெதர்லாந்து அறிஞர் டோண்டர்ஸ் கண்டறிந்தார். அம்முறுக்கு எவ்வளவு என்று கூறும் விதியை வகுத்தவர் லிஸ்டிங். இடவியல் என்று நாம் குறிக்கும் கணிதத்துறைக்கு 1847இல் ஜெர்மன் மொழியில் பெயர் சூட்டியவரும் இவரே. ஹெல்ம்ஹோல்ட்ஸ் பின்பிம்பங்களைக் கொண்டு இவ்விதியைச் சோதித்தார். வண்ணக் கோடு ஒன்றை உற்றுப் பார்த்துவிட்டுச் சுவரை நோக்கினால், கோட்டின் சாயல் கண்ணோடு நகரும். அது எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு கண் முறுகியுள்ளது என்று அறியலாம்.

இதில் ஏன் வியப்பு என்று மாணவர்கள் ஒரு புத்தகத்தைக் கொண்டு சோதித்துப் பார்க்கலாம். மேசைமேல் கிடக்கும் புத்தகத்தை முதலில் வலப்புறமாகக் கால்சுற்றுத் திருப்புக. பின்னர் அதன் எதிர்விளிம்பைத் தூக்கித் தம்மை நோக்கிக் கால்சுற்றுக் கவிழ்க்க. அடுத்து, புத்தகத்தைப் பழைய நிலையில் வைத்து, அதே இரண்டு செயல்களை வரிசை மாற்றிச் செய்க. இரண்டு முறையும் புத்தகம் ஒரே நிலையில் முடியாது. கூட்டலில் வரிசை மாறினாலும் விடை மாறாது, சுழற்சியில் மாறும். அப்படியானால், நாள்தோறும் பல்லாயிரம் முறை திரும்பும் கண், வரிசை எதுவாயினும் உரிய முறுக்கோடு வந்து நிற்பது எவ்வாறு? மூளை ஒவ்வொரு முறையும் கணக்கிட்டு ஆணையிடுகிறது என்பதே வெகுகாலம் பலரும் கொண்டிருந்த கருத்து.

கத்திக்குத் தப்பியது

இதற்கிடையே கண்தசை அறுவை மருத்துவம் வளர்ந்தது. 1839இல் பெர்லினில் டீஃபன்பாக், மாறுகண் உடைய சிறுவன் ஒருவனின் உட்புறத் தசையை வெட்டி நேராக்கினார். அன்று முதல் பொருந்தும் முனையை மாற்றியமைப்பதே மாறுகண் அறுவையின் அடிப்படையாயிற்று. முனையைப் பின்னே நகர்த்தினால் இழுவிசை குறையும். தசையைக் குறுக்கினால் கூடும்.

1975இல் அமெரிக்க அறிஞர் டேவிட் ராபின்சன் இவ்விசைகளைக் கணினி வழியே கணக்கிட்டார். அப்போது ஓர் இடர் வெளிப்பட்டது. வார் ஒன்று பந்தின்மேல் மிகக் குறுகிய வழியில் செல்லும் என்று கொண்டால், கண் மேலே நோக்கும்போது வெளிப்புறத் தசை கோளத்தின்மேல் வழுக்கி மேலேற வேண்டும். கணக்குக் காட்டிய வழுக்கல் நம்பத்தகாத அளவுக்குப் பெரிதாக இருந்தது. அதைக் கட்டுப்படுத்தும் திருத்தம் ஒன்றை அவர் சேர்த்துக்கொண்டார். அத்திருத்தம் கணக்கில் இருந்தது. உடலில் அது எந்த உறுப்பு என்பது தெரியவில்லை.

இங்குத்தான் படமெடுப்பின் பங்கு தொடங்குகிறது. 1895இல் ரோண்ட்ஜென் கண்ட கதிர்கள் எலும்பைக் காட்டின. மென்தசையை வேறுபடுத்திக் காட்டவில்லை. 1971இல் ஹவுன்ஸ்ஃபீல்டின் கணினிவழிக் குறுக்குவெட்டுப் படமுறை (சி.டி.) முதல் நோயாளியைப் படமெடுத்தது. 1973இல் லாட்டர்பர் காந்த அதிர்வால் படம் உருவாக்கும் வழியை வெளியிட்டார்.

1985இல் நெதர்லாந்தின் சிமன்ஸ் குழுவினர், கண் வெவ்வேறு திசைகளில் நோக்கும்போது குறுக்குவெட்டுப் படங்களை எடுத்து, கணக்கு எதிர்பார்த்த வழுக்கல் நிகழவில்லை என்று காட்டினர். 1989இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜோயல் மில்லர் அதைக் காந்த அதிர்வுப் படங்களால் அளந்தார். கண் எங்கு நோக்கினாலும் தசையின் பின்பகுதி கண்குழிக்குள் ஏறத்தாழ அதே இடத்தில் நின்றது. முன்பகுதி மட்டும் கோளத்தோடு சென்றது. இரண்டுக்கும் நடுவே, கோளத்தின் நடுவட்டத்துக்குச் சற்றுப் பின்னே, தசையின் பாதை வளைந்தது. அந்த இடத்தில் ஏதோ ஒன்று தசையைப் பிடித்து நிறுத்துகிறது; அது கப்பியாகத்தான் இருக்க வேண்டும் என்று மில்லர் கருதினார்.

இதைக் காந்த முறையால் காண முடிந்ததற்கு எளிய காரணம் உண்டு. அதில் ஊடுகதிர் இல்லை. ஆகையால் ஒரே மனிதரை மேலே, கீழே, இடமாக, வலமாக என்று பலமுறை நோக்கச் செய்து, தீங்கின்றிப் படமெடுக்கலாம். முகத்துக்கு அருகே சிறு சுருள் ஒன்றைப் பொருத்தி, குறிவிளக்கு ஒன்றில் பார்வையை நிறுத்தச் செய்து, இரண்டு மில்லிமீட்டர் தடிப்புள்ள வெட்டுகளாகக் கண்குழியைப் படமெடுத்தனர்.

படம் பாதையைத்தான் காட்டியது; பிடித்து நிறுத்தும் பொருளைக் காட்டவில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் ஜோசஃப் டெமரும் மில்லரும் பிறரும் இறந்தவர்களின் கண்குழிகளைக் குலைக்காமல் மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் ஆய்ந்து, 1995இல் முடிவை வெளியிட்டனர். ஒவ்வொரு நேர்த்தசையையும் சூழ்ந்து கொலாஜன் இழைகளாலான வளையம் இருந்தது. அதில் மீள்தன்மை தரும் இலாஸ்டினும், வரியற்ற தசையிழைகளும் கலந்திருந்தன. வளையம் கண்குழிச் சுவரோடும் அண்டை வளையங்களோடும் பிணைந்திருந்தது.

இவ்வளவு காலமும் அறுத்தவர் கண்ணில் இது ஏன் முதன்மையாகப் படவில்லை? உடலை அறுப்பவர் தசையைத் துலக்கிக் காட்ட விரும்புகிறார்; சுற்றியுள்ள இணைப்புத் திசுவை மறைப்பு என்று கருதி அகற்றிவிடுகிறார். வளையங்கள் அந்த 'மறைப்பில்'தான் இருந்தன.

இரண்டு பொருத்தங்கள்

2000ஆம் ஆண்டில் டெமர் குழுவினர் மேலும் ஓர் அடி எடுத்து வைத்தனர். ஒவ்வொரு நேர்த்தசையும் இரண்டு அடுக்குகளால் ஆனது என்பது முன்பே தெரிந்திருந்தது. கோளத்தை ஒட்டிய அடுக்கு வெண்படலத்தில் பொருந்துகிறது. கண்குழிச் சுவரை நோக்கிய அடுக்கு வெண்படலம் வரை செல்லாமல் வளையத்தில் பொருந்துகிறது என்று அவர்கள் கூறினர். அதாவது, ஒரு பகுதி கண்ணைத் திருப்புகிறது. மற்றப் பகுதி கப்பியை இழுத்து உரிய இடத்தில் வைக்கிறது.

இதனால் லிஸ்டிங்கின் புதிருக்கு இயந்திர விளக்கம் ஒன்று கிடைக்கிறது. கோள மையத்துக்கு முன்னே பொருத்துமுனை எவ்வளவு தொலைவில் உள்ளதோ, அதே தொலைவில் மையத்துக்குப் பின்னே வளையம் இருந்தால், கண் ஒரு திசையில் சாயும் கோணத்தில் பாதியளவு தசையின் சுழல் அச்சும் சாயும். லிஸ்டிங்கின் விதி கேட்பதும் அந்தப் பாதிச் சாய்வையே. மூளை முழுக்கணக்கையும் செய்ய வேண்டுவதில்லை. கணக்கின் ஒரு பகுதி வளையங்களின் அமைப்பிலேயே அடங்கியிருக்கிறது.

இக்கொள்கை மறுப்பின்றி ஏற்கப்படவில்லை. வெளியடுக்கின் இழைகள் எல்லாம் வளையத்தில்தான் முடிகின்றனவா, வளையத்தைத் தனியோர் உறுப்பாகக் கொள்ளலாமா என்று உடற்கூற்றறிஞர் சிலர் வினவினர். வளையம் தசையின் பாதையை நிலைநிறுத்துகிறது என்பதற்கு உள்ள சான்று வலுவானது. வளையத்தைத் தசை தனியே இயக்குகிறது என்பதில் விவாதம் உண்டு. 2006இல் கிளியர், மெங், ஏஞ்சலாக்கி ஆகியோர் குரங்குகளில் கண்தசை நரம்பை நேரடியாகத் தூண்டியபோதும் பாதிச் சாய்வு தோன்றியது. மூளையின் கணக்கைத் தாண்டிய பின்னும் விதி நிலைத்ததால், அது கண்குழியின் அமைப்பிலும் உறைகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

முதியவரின் இரட்டைப் பார்வை

இவ்வாராய்ச்சி நோயாளிக்கு என்ன தந்தது? வளையம் ஒன்று இடம் தவறி அமைந்தால், சாய்தசை பழுதுபட்டதைப் போன்ற மாறுகண் தோன்றும். டெமர் குழுவினர் 1998இல் படங்களால் இதைக் காட்டினர். பழுதில்லாத தசையை அறுப்பதைத் தவிர்க்க இது வழி செய்தது.

வயது முதிர்ந்தோரில் காணும் நிலை இன்னும் பரவலானது. மேல் வளையத்தையும் வெளிப்புற வளையத்தையும் பிணைக்கும் இணைப்புத் திசு ஆண்டுகள் செல்லச் செல்லத் தேய்ந்து தளர்கிறது. வெளிப்புற வளையம் கீழே இறங்குகிறது. கண்கள் தொலைவில் ஒருங்கிணைய மறுக்கின்றன. சாலையில் வரும் ஒரு வண்டி இரண்டாகத் தெரிகிறது. இரட்டைப் பார்வை என்றதும் மூளையில் பக்கவாதமோ கட்டியோ என்று குடும்பமே கலங்குவது இயல்பு. அத்தகைய நோய்களும் இருக்கக்கூடுமாதலால் மருத்துவரை உடனே காண வேண்டும். ஆயினும், ஆய்ந்து பார்த்தபின் பலருக்கு அது திசுத் தளர்ச்சியே என்று தெரியவருகிறது. கண்ணாடியாலோ சிறு அறுவையாலோ சீராகிறது.

கிட்டப்பார்வை மிகுந்த சிங்கப்பூர் போன்ற நாடுகளுக்கு வேறொரு செய்தியும் உண்டு. கிட்டப்பார்வை கடுமையாகும்போது கண்கோளம் நீள்கிறது. நீண்ட கோளம் மேல்தசைக்கும் வெளிப்புறத் தசைக்கும் இடையே பிதுங்கி, இரண்டையும் இடம்பெயர்த்துவிடக்கூடும். கண் உள்ளும் கீழுமாக இழுபட்டு நிற்கும். பொருத்துமுனையை மட்டும் நகர்த்தினால் இது தீராது என்பதைப் படம் காட்டியது. இரண்டு தசைகளையும் நூலால் ஒன்றோடொன்று கட்டி, கோளத்தை உள்ளே திருப்பி அமர்த்தும் அறுவையை ஜப்பானிய மருத்துவர் யோகோயாமா வகுத்தார்.

சொல் தேடுகையில்

மொழியியலாளராகிய நாம் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன?

உடற்கூற்றைத் தமிழில் கற்பிக்க இயலும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மெய்ப்பிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். ஆனால் கலைச்சொல் ஆக்கம் ஒருமுறை செய்து முடிக்கும் வேலை அன்று. பொருளைப் பற்றிய அறிவு மாறும்போது சொல்லையும் மீண்டும் எடைபோட வேண்டும்.

நேர்த்தசை என்னும் பெயரை மாற்ற வேண்டுவதில்லை. பாதை வளைந்தாலும் பெயர் வழக்கில் ஊன்றிவிட்டது. பெயர் வரையறை ஆகாது என்று மாணவர்க்குச் சொன்னால் போதும். 'பொருத்துமுனை' என்பதையோ பிரித்தாள வேண்டும். வெண்படலத்தில் உள்ளது கோளப் பொருத்தம். வளையத்தில் உள்ளது வளையப் பொருத்தம். தொடக்கமும் இவ்வாறே இரண்டு: தசை எலும்பருகே தொடங்கும் இடம் ஒன்று, இழுவிசை திசை கொள்ளும் இடமாகிய வளையம் மற்றொன்று. முன்னதைத் தோற்றுமுனை என்றும், பின்னதைச் செயல்வழித் தோற்றுமுனை என்றும் வழங்கலாம்.

கப்பி என்ற சொல்லிலும் ஒரு கவனம் தேவை. நம் தொடக்கப்பள்ளி அறிவியலில் கப்பி என்றால் சுழலும் சக்கரம். இங்கே சுழல்வது எதுவுமில்லை. கயிற்றின் திசையை மாற்றும் வேலை மட்டுமே ஒப்புமை. ஆதலால் 'கப்பி வளையம்' என்று சேர்த்துச் சொல்வது பொருளுக்கு நெருக்கமானது.

இறுதியாக, ஆசிரியர்களுக்கு ஒன்று. மாறுகண்ணுக்கு நம் பேச்சுவழக்கில் 'ஒன்றரைக்கண்' முதலிய இழிசொற்கள் உண்டு. அது அதிர்ஷ்டம் என்ற நம்பிக்கையும் உண்டு. இரண்டுமே குழந்தைக்குத் தீங்கு. முதலாவது, குழந்தையைக் கூனிக் குறுக வைக்கிறது. இரண்டாவது, மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போட வைக்கிறது. அதற்குள் மூளை விலகிய கண்ணின் காட்சியை ஒதுக்கப் பழகி, அக்கண்ணின் பார்வை வளராமலே போய்விடலாம். வளர்ந்த பின் கண்ணை நேராக்க முடியும். இழந்த பார்வையை மீட்பது அரிது. தசைகளையும் வளையங்களையும் பற்றி நாம் இவ்வளவு அறிந்தபின், வகுப்பறையில் அந்த இழிசொல் ஒலித்தால் அதைத் திருத்தி, மாறுகண் என்பது கண்குழிக்குள் நிகழும் ஓர் இழுவிசைப் பிழை என்று எளிய தமிழில் விளக்கி, பெற்றோரைக் கண் மருத்துவரிடம் அனுப்புவது நம் கடமை.